வவுச்சர் எண் பதினேழு

ஐயா,
முப்பத்தாறு முட்டை,
இருநூற்று ஐம்பத்திரண்டு ரூபாய்.
ஓரத்தில் சிவப்பு மையில் குறித்திருக்கிறீர்கள்:
'நிதி ஊட்டச்சத்துக் கல்விக்கு. உணவுக்கு அல்ல.
விளக்கம் தேவை.'

சரிதான்.
ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுத்தான்
நானும் கையெழுத்துப் போட்டேன்.

தாராவியில் தொண்ணூறடி ரோட்டைத் தாண்டி
தோல் கிடங்குக்கு மேலே எங்கள் வகுப்பு.
இரும்பு ஏணியில் ஒரு படி இல்லை.
பிள்ளைகளின் கால்களுக்கு அது தெரியும்.
என் முட்டிக்கு முதல்நாள்தான் தெரிந்தது
(மருந்துச் செலவுக்கு வவுச்சர் வைக்கவில்லை).

சுவரில் நீங்கள் அனுப்பிய படம்.
நான்காய்ப் பிரித்த தட்டு,
ஒரு காலில் ப்ரோக்கோலி.
இது என்ன மரம் என்றான் ஓம்கார்.
பெயர் சொன்னேன்.
அப்போ மரம்தான் என்று முடித்துவிட்டான்.

பலகையில் 'புரதம்' என்று எழுதினேன்.
விரதமா டீச்சர்?
இல்லடா, புரதம்.
எங்கம்மா செவ்வாய் வெள்ளி விரதம் என்றான் இசக்கிராஜா,
மாசக் கடைசியிலும்.

தேர்வில் எல்லோரும் பத்துக்குப் பத்து.
பருப்பு பால் மீன் முட்டை கடலை,
மூச்சு விடாமல் சொல்வார்கள்.
மதிப்பெண் பட்டியல் இணைப்பு இரண்டில் இருக்கிறது.
அதைப் பார்த்து நீங்கள் பாராட்டி எழுதிய கடிதமும்
பத்திரமாய் இருக்கிறது.

மறுநாள் என் டிபன் டப்பாவிலிருந்து
அவித்த முட்டை ஒன்றை எடுத்தேன்.
வெள்ளை எது, மஞ்சள் எது,
உள்ளே காட்ட வேண்டும். கத்தி இல்லை.
பிரின்சி எழுந்து வந்தாள்.
அவள் அம்மா வீட்டில் சட்டைக்குக் காஜா எடுப்பவள்;
பாவாடைப் பையில் எப்போதும் கொஞ்சம் நூல் இருக்கும்.
ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு கேட்டாள்:
எத்தனைக்கு டீச்சர்? நாலுக்கா, ஆறுக்கா?

ஆறுக்குக்கூட வருமா?

வரும். மஞ்சள் ஒட்டும்,
நூலை நனைச்சுக்கணும்.

ஐயா, ஆறு வருடமாக இதைக் கற்பிக்கிறேன்.
சான்றிதழ் இருக்கிறது, பயிற்சிக் கையேடு இருக்கிறது.
நூலை நனைக்க வேண்டும் என்று
எந்தப் பக்கத்திலும் இல்லை.

அன்று சாயங்காலம்
ரோட்டுமுனைக் கடையில் மூன்று டஜன் வாங்கினேன்.
கிடங்குக் காவலாளி ஷம்ஷாத் பாய் ஸ்டவ் கொடுத்தார்.
தோல் வாசனையும் முட்டை வாசனையும் சேர்ந்து
ஏணிவழியே மேலே வந்தன.
யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை.

ஆளுக்கு ஒன்று, முழுசாய்.
நூல் வேண்டாம் என்றேன்.
பிரின்சி நூலை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.
மறு கையில் முட்டை,
அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

என்னடி, சாப்பிடு.

எங்கேருந்து கடிக்கிறது டீச்சர்,
ஓரமே இல்லியே.

எனக்குப் பதில் தெரியவில்லை.
பக்கத்தில் ஆஷிக்
தன்னுடையதை மொத்தமாய் வாயில் போட்டு
கன்னம் உப்பி
சிரிக்கவும் முடியாமல் விழித்துக்கொண்டிருந்தான்.
அவள் அவனைப் பார்த்தாள், பிறகு கடித்தாள்.
அவசரப்படவே இல்லை.
வெள்ளை முடிந்து மஞ்சள் தொடங்கும் இடத்தில்
கொஞ்சம் நிறுத்தினாள்.

நீங்கள் கேட்கும் விளக்கம் இதுதான்.
எந்தத் தலைப்பில் எழுதுவது என்று
நீங்களே சொல்லுங்கள்,
கல்வியா உணவா;
எழுதிவிடுகிறேன்.

கணக்கு:
பிள்ளைகள் முப்பத்தொன்று.
இல்லாத படியில் உடைந்தது இரண்டு.
ஷம்ஷாத் பாய்க்கு ஒன்று.
முதல் முட்டையில் வெள்ளையை மட்டும்தான் படித்தேன்,
மஞ்சளுக்கு இன்னொன்று வேணும் என்ற ஓம்காருக்கு
கூடுதலாய் ஒன்று.
ஆக முப்பத்தைந்து.

மீதி ஒன்றை நான் தின்றேன்.
அதற்கான ஏழு ரூபாயை
இத்துடன் குண்டூசியில் குத்தி
அனுப்பியிருக்கிறேன்.
ரசீது தேவை.